சிவப்புப் பேனை அன்ரி

போன கோடை விடுமுறையில் மெல்பேர்ன் போயிருந்தோம். த பேசின் என்ற புறநகரில் இருக்கும் பிள்ளையார் கோவிலுக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், ஒரு கம்பத்தில் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ ஒரு பக்தர் செருப்பைத் தொலைத்திருக்கிறார். பழுப்பு நிறம், கண்டவர்கள் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'ஸ்லிப்பர்' என்று எழுதவேண்டியதை 'ஸ்லீப்பர்' என்று எழுதிவிட்டார், பாவம். அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு: 'ஸ்லீப்பர் என்றால் நித்திரை கொள்பவர். வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கவும்.'

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அன்ரி சௌக்கியமாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்ததில் மனசுக்கு நிறைவாக இருந்தது.

சிட்னியில் பென்டில் ஹில் பக்கம் ஓர் அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. சொந்த ஊர் திருச்சி. அன்ரி யாழ்ப்பாணம். என் வகுப்பில் படித்த துளசியின் பெரியம்மா. துளசியின் அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் என்பதால், பள்ளிக்கூடத்துக்கு வருவதும் போவதும் அன்ரிதான். மகனோடு இருக்க மெல்பேர்ன் போகும்வரை பென்டில் ஹில்லில் எல்லாருக்கும் அவர் அன்ரி. ஆன்ட்டி என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதினால், 'ன' வரவேண்டிய இடத்தில் 'ண' போட்டிருக்கிறேன் என்று ஃபோன் வரும். எதற்கு வம்பு.

அவரால் பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாத மாதிரி அவருக்குப் பிழை ஒத்துக்கொள்ளாது. காட்டன் சேலை, அதற்குமேல் சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ, ஸ்வெட்டர் பையில் சிவப்புப் பேனை. பேனாவை அவர் பேனை என்றுதான் சொல்வார். கைப்பைக்குள் இன்னொரு பேனை, மை தீர்ந்துபோனால் எடுக்க.

மளிகைக்கடையில் கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு மேலே ஆங்கிலத்தில் 'கறி லீவ்' என்று அட்டை மாட்டியிருந்தார்கள். கடைக்காரரைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, கறிவேப்பிலை இண்டைக்கு லீவிலயோ?" என்று கேட்டார். அவருக்குப் புரியவில்லை. "இருக்கு அன்ரி, இதோ இருக்கே" என்று ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். அன்ரி அட்டையை இறக்கித் திருத்தி, தானே மாட்டிவிட்டுப் போனார். ஒரு கல்யாணத்துக்கு, தனக்கு வந்த அழைப்பிதழையே திருத்திக் கொண்டுபோய், வரவேற்பு மேடையில் மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்தார். "அடுத்த மகனுக்கு அடிக்கேக்க இதைப் பார்த்து அடியுங்கோ." போட்டோவில் மாப்பிள்ளையின் அப்பா முகம் மட்டும் ஒரு மாதிரி இருக்கும் என்று அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் சொல்வார்கள்.

என்னிடம் அவர் முதலில் பேசியது பெற்றோர் சந்திப்பில். துளசியின் படிப்பைப் பற்றி நான் பத்து நிமிஷம் பேசினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ரெண்டு தரம் 'டிஸ்கஸ் அபௌட்' எண்டு சொன்னனீங்கள். டிஸ்கஸ் எண்டால் காணும். அபௌட் தேவையில்லை."

திருச்சியில் பட்டம், சிட்னியில் இன்னொரு பட்டம், பன்னிரண்டு வருஷ அனுபவம். என் காது சூடாகிப் போனது. சமாளிக்க, "நீங்களும் டீச்சரா இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, கச்சேரியில வேலை செய்தனான்."

"அப்படியா! என்ன, வாய்ப்பாட்டா?"

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கச்சேரி என்றால் அவர்கள் ஊரில் அரசாங்க அதிபரின் அலுவலகம், நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. அங்கே இருபது வருஷம் ஆங்கில டைப்பிஸ்ட். எனக்கு அன்று மொத்தமாக நேரம் சரியில்லை. என்னை அழைத்துப்போக வந்த என் கணவர் வேறு, அன்ரி 'வந்தனான்' என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "வந்தேன்னு சொன்னா போதாதாங்க?" என்று கேட்டுவைத்தார். கார் பக்கத்திலேயே நிற்க வைத்து அவருக்கு ஒரு பாடம் நடந்தது. "அது பிழையில்லைத் தம்பி. அது எங்கட தமிழ். உங்களுக்கு விளங்கேல்லை எண்டால் அது உங்கட குறை."

அந்த வருஷம் பதினோராம் வகுப்புக்கு நான் இன்றைய ஆஸ்திரேலியப் பழங்குடி எழுத்தை எடுத்துக்கொண்டேன். பாதிப் பருவம் ஒரு சிறுகதைத் தொகுப்பு, மீதிப் பருவம் வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள். தொகுப்பை எழுதியவர் மேற்கே ஆற்றங்கரை ஊரில் பிறந்து சிட்னிக்கு வந்த ஒரு பழங்குடிப் பெண். வயது அறுபதுக்கு மேல். கதைகளில் வருகிறவர்கள் தங்கள் வீட்டு ஆங்கிலத்தில் பேசுவார்கள். வினைச்சொல் ஒரு பக்கம் போகும், எழுவாய் ஒரு பக்கம் போகும். ஆனால் வாய்விட்டுப் படித்தால் ஆட்கள் எழுந்து வந்து முன்னால் நிற்பார்கள். அதனால் வகுப்பில் ஆளுக்கொரு பக்கம் சத்தமாக வாசிக்க வைத்தேன்.

மீன் பிடிக்கப் போகும் ஒரு மாமா கதை. நாலு பக்கம் அந்த மாமா அட்டகாசமாகப் பேசிக்கொண்டு வந்தார். துளசியின் முறை வந்தது. திடீரென்று மாமா மாஜிஸ்திரேட் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார். 'மீன் எதுவும் அகப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்கிற ரகம். வகுப்பு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. என் புத்தகத்தில் அப்படி இல்லை.

"துளசி, புத்தகத்தைக் கொண்டு வா."

அவள் வரவில்லை. நானே போய் வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சிவப்பு. பள்ளிக்கூடத்துப் புத்தகம், முத்திரை குத்தியது. ஒவ்வொரு வினையும் நேராக்கப்பட்டு, விடுபட்ட சொல்லெல்லாம் மேலே குடியேறி, ஆற்றங்கரை முழுவதும் கச்சேரி ஆங்கிலம் பேசியது. கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டு மதிப்பெண்: நூற்றுக்கு நாற்பத்தெட்டு. கீழே, 'கற்பனை நன்று. இலக்கணத்தில் கவனம் தேவை.'

துளசி தலையைக் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "பெரியம்மா சமையலறையில் உட்கார்ந்து செய்தார் மிஸ். எனக்கு உதவி செய்வதாக நினைத்து."

இதில் பெரிய தலைவலி என்னவென்றால், அடுத்த வாரம் அந்த எழுத்தாளரே எங்கள் பள்ளிக்கு வருவதாக ஏற்பாடு. எத்தனையோ மின்னஞ்சல் போட்டு, தலைமையாசிரியையிடம் மன்றாடி வாங்கிய தேதி. புத்தகத்தை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். வகுப்பிடம், "இது பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது" என்றேன். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

எழுத்தாளர் வந்தார். உயரமான பெண்மணி, கட்டைக் குரல், கையில் பெரிய தேநீர்க் குவளை. தன்னை மேடம் என்று கூப்பிட வேண்டாம், அன்ரி என்று கூப்பிட்டால் போதும் என்றார். அவர்கள் வழக்கத்திலும் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அரை மணி நேரம் நன்றாகப் போனது. "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றார். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"அன்ரி, உங்கள் புத்தகத்துக்கு எத்தனை மார்க் கிடைத்தது தெரியுமா?"

வகுப்பு வெடித்தது. எல்லாக் கண்ணும் என் மேசை இழுப்பறைமேல். நான் சாவியை விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். எழுத்தாளர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். வேறு வழியில்லை. இழுப்பறையைத் திறந்து புத்தகத்தைக் கொடுத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். மாஜிஸ்திரேட் மாமாவை அவரே வாசித்துக் காட்டினார், வகுப்பு உருண்டது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் அவர் நின்றுவிட்டார். விரலை வைத்து அந்த வரிகளை இரண்டு தடவை படித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"இதைச் செய்தவரை நான் பார்க்கவேண்டும்" என்றார்.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பள்ளி விடும் நேரத்துக்கு முன்னாலேயே அன்ரி வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார். துளசி போய்க் கூட்டிவந்தாள். அன்ரி வந்த வேகத்தைப் பார்த்தால், நன்றி சொல்லக் கூப்பிட்டதாகவே நினைத்திருக்கிறார். ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து நேராக எழுத்தாளருக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசியது ஆங்கிலத்தில்.

"நாற்பத்தெட்டு ரொம்பக் குறைவு" என்றார் எழுத்தாளர்.

"ஐம்பது போட யோசித்தேன். கடைசிக் கதை இழுத்துவிட்டது" என்றார் அன்ரி. முகத்தில் சிரிப்பே இல்லை.

"இதில் இரண்டு திருத்தம் சரி. எழுத்துப்பிழை. என் பதிப்பாசிரியரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதற்கு நன்றி."

அன்ரி பெருந்தன்மையோடு தலையசைத்தார். "மற்றவை?"

எழுத்தாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். "மற்றதெல்லாம் என் அம்மா. அவர் இப்படித்தான் பேசுவார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பேச்சுக்கு எனக்குப் பிரம்படி கிடைத்தது. நல்ல இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன், நீங்கள் எழுதியிருப்பதுபோலவே எழுதுவேன். அதற்குப் பிறகு அம்மா பேசுவதுபோல எழுத எனக்கு ஐம்பது வயசானது."

"இலக்கணம் எல்லாருக்கும் பொது" என்றார் அன்ரி. குரலில் கொஞ்சம் பிடி தளர்ந்திருந்தது, ஆனால் விடவில்லை.

அப்போது துளசி வாயைத் திறந்தாள். வீட்டில் எதிர்த்துப் பேசாத பெண். "பெரியம்மா, 'வந்தனான்' பிழை என்று யாராவது சொன்னால் நீங்கள் மட்டும் ஏன் சண்டைக்குப் போகிறீர்கள்?"

"அது என்ன சொல்?" என்று கேட்டார் எழுத்தாளர்.

அன்ரியிடம் விளக்கம் கேட்டால் போதுமே. நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்தேன் என்பது வேறு, வந்தனான் என்பது வேறு. நான்தான் வந்தேன், அதில் சந்தேகம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிற சொல் அது. அதற்குத் தனி விதி இருக்கிறது. எங்கள் அம்மா அப்படித்தான் பேசினார், அவருடைய அம்மாவும். அதைப் பிழை என்று சொல்கிறவர்களுக்கு...

அங்கே நின்றுவிட்டார். எழுத்தாளர் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"உங்கள் அம்மா இருக்கிறாரா?" என்று கேட்டார் அன்ரி.

"இல்லை."

அன்ரி எழுந்து, புத்தகத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "பள்ளிக்கூடத்துப் புத்தகம் அன்ரி, நானே வச்சுக்கறேன்" என்றேன். "திங்கட்கிழமை வரும்" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. ஆனால் ஒன்றரை மடங்கு தடிமனாகியிருந்தது. சிவப்பு மையை ரப்பர் வைத்து அழிக்க முடியவில்லை என்று வெள்ளைத் திரவம் வாங்கிப் பூசியிருக்கிறார். பூசினதில் அச்சும் சேர்ந்து மறைந்துவிட்டது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று. பார்த்தார், துளசியின் நண்பி ஒருத்தியிடம் வேறொரு பிரதியை வாங்கி, மறைந்துபோன ஒவ்வொரு வரியையும் வெள்ளைக்கு மேல் கறுப்பு மையில் அப்படியே எழுதிவிட்டார். ஆற்றங்கரை மாமா, அந்த அம்மா, எல்லாரும் தங்கள் சொந்தப் பேச்சில், அன்ரியின் முத்தான கையெழுத்தில் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் புது மதிப்பெண்: தொண்ணூற்றெட்டு. 'குறைந்த இரண்டுக்கும் காரணம் நூலாசிரியருக்குத் தெரியும்.'

எழுத்தாளர் அந்தப் பிரதியைத் தனக்குக் கேட்டார். நூலகக் கணக்கில் என்ன காரணம் காட்டுவது என்று தெரியாமல், 'பழுது' என்று எழுதிக் கொடுத்தேன்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பருவத்தின் இரண்டாம் பாதி வந்தது. அந்த எழுத்தாளர் பழங்குடி மக்களுக்கான ஒரு சமூக வானொலியில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அதை வகுப்புக்குப் பாடமாக வைத்தேன். பாட்டு போடுவார், வம்பு பேசுவார், நடுவில் செய்தித்தாளிலிருந்தோ பழைய பாடப்புத்தகத்திலிருந்தோ ஒரு வாக்கியத்தை வாசிப்பார். 'நிலம் கையகப்படுத்தப்பட்டது.' 'குழந்தைகள் பெற்றோரிடமிருந்து அகற்றப்பட்டனர்.' வாசித்துவிட்டு, "யாரப்பா அதைச் செய்தது? பேயா?" என்று கேட்பார். அப்படி ஆள் இல்லாத வாக்கியங்களைத் தேடிக் கொண்டுவருவது பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்.

துளசி வீட்டில் இதைத் தேடியது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அன்ரி வானொலிக்கு ஃபோன் போட்டார். எடுத்த பெண், பெயர் என்ன என்று கேட்டாள்.

"அன்ரி."

"எந்த அன்ரி? இங்கே எல்லாரும் அன்ரிதான்."

"சிவப்புப் பேனை அன்ரி."

நேரலையில் இணைத்தார்கள். நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டு கேட்டேன். தோசை கருகிவிட்டது. இருபது வருஷம் தான் டைப் அடித்ததெல்லாம் இந்த மாதிரி வாக்கியம்தான் என்றார் அன்ரி. 'தீர்மானிக்கப்பட்டுள்ளது.' 'அனுமதி மறுக்கப்படுகிறது.' ஒருநாள், யார் தீர்மானித்தது என்று தெரியட்டுமே என்று தன் மேலதிகாரியின் பெயரை வாக்கியத்துக்குள் போட்டு அடித்துவிட்டாராம். அதிகாரி முகம் வெளுத்துப் போய், காகிதத்தை நாலாகக் கிழித்துவிட்டு, "பிள்ளை, வேலை வேணுமெண்டால் என்னை உள்ளுக்கு இழுக்காதை" என்றாராம். வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருக்கும் நம் பையன்களைப் பார்க்கப் போகும்போது, அவர்களுக்கு வரும் கடிதங்களிலும் அதே டைப்பிஸ்ட் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது என்றார்.

எழுத்தாளர் சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு, "அடுத்த வாரமும் கூப்பிடுங்கள்" என்றார். அன்ரியிடம் அப்படிச் சொல்லலாமா? அதற்குப் பிறகு ஒரு வாரம் தவறவில்லை. தான் கொண்டுவந்த வாக்கியங்களை முடித்துவிட்டு, போகிற போக்கில் எழுத்தாளரின் போன வார உச்சரிப்பையும் ஒரு கை பார்ப்பார். "நீ என் அம்மாவைவிட மோசம்" என்பார் எழுத்தாளர். பென்டில் ஹில் கடையில் சனிக்கிழமை மத்தியானம் அந்த வானொலிதான் ஓடியது. கல்யாண அழைப்பிதழ்க்காரர்கூட, கடைக்கு வந்தால் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

வருஷக் கடைசியில் எழுத்தாளர் என்னைக் கூப்பிட்டார். அன்ரி ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு கதை சொல்லவேண்டும், ஆங்கிலத்தில் வேண்டாம், அவருடைய வீட்டுப் பேச்சில் சொல்லட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர் என்றார். அன்ரி மறுப்பார் என்று நினைத்தேன். பட்டுச்சேலையில் வந்து என் காரில் ஏறினார்.

"ரேடியோவுல சேலை தெரியாதே அன்ரி."

"குரல்ல தெரியும். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."

ஸ்டூடியோ என்பது ஒரு சின்ன அறை. மூன்று மைக், மூன்று நாற்காலி. எழுத்தாளர் கையசைத்ததும் அன்ரி ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த தன் வீட்டைப் பற்றி. முன்னால் மல்லிகைப் பந்தல், பின்னால் கிணறு, நடு அறையில் அவர் சம்பளத்தில் வாங்கிச் சேர்த்த ஆங்கில அகராதிகள். அவர் இரண்டு மூன்று வாக்கியம் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பின்னேரம் நாலு மணிபோல வந்தவை. அஞ்சு பேர். ரெண்டு பேரை எனக்கு முகம் தெரியும். எங்கட வீட்டை எரிச்சவை."

நான் மைக்கைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். திருப்பித் தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: 'மாலையில் சிலர் வந்தார்கள். எங்கள் வீடு எரிக்கப்பட்டது.'

அன்ரியின் கை என் முழங்கையைத் தொட்டது.

"நில்லுங்கோ ரீச்சர்."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் நேரலை.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. எரிச்சவை எண்டு சொன்னனான். அஞ்சு பேர் எண்டு சொன்னனான். ரெண்டு பேரைத் தெரியும் எண்டும் சொன்னனான். நீங்கள் சொன்னதில ஒருத்தரையும் காணேல்லை."

எழுத்தாளருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தண்ணீர் குடித்தேன். மறுபடி சொன்னேன். ஐந்து பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் எங்கள் வீட்டை எரித்தார்கள்.

அன்ரி கண்ணை மூடி அந்த ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மைக்கைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"ம். இப்ப சரி. இனி அந்த ரெண்டு பேரும் ஆரெண்டு சொல்லுறன், எழுத்துக் கூட்டி."